ஆஸ்பத்திரி மாதிரி இருக்காது, சித்தி

அன்புள்ள சித்தி,

மடிப்பாக்கம் வீட்டு பிளானை அனுப்பிவிட்டு, "அழகாக இருக்கணும், ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிவிடாதே" என்று கீழே எழுதியிருந்தீர்கள். சித்தப்பாவோ சாய்தளம், கைப்பிடி மாதிரி வயதான காலத்துக்கான ஏற்பாடுகளையெல்லாம் முடியாமல் போகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாராம். அப்போது பார்த்தால்தான் ஆஸ்பத்திரி மாதிரி ஆகும்! முடிந்த வீட்டில் பின்னால் கொண்டுவந்து திருகுகிற ஸ்டீல் கம்பியும், படிமேல் சாய்த்துப் போடுகிற பலகையும்தான் கண்ணை உறுத்தும். சுவர் எழும்பும்போதே சேர்த்துவிட்டால், எது முதுமைக்காகச் செய்தது என்று வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகு பேஸ்மட்டத்தை மூன்றடி ஏற்றியது சரிதான், அதில் கை வைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் ஏறுவதற்கு ஆறு படி மட்டும்தான் காட்டியிருக்கிறார்கள். சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். ஆக 36 அடி. சித்தப்பா கத்துவார், தெரியும். காம்பவுண்டை ஒட்டி எல் வடிவில் மடித்து, திரும்புகிற மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, சிட்-அவுட்டில் கொண்டுவந்து சேர்க்கலாம் (விதிக்கு இடிக்குமா என்று இன்ஜினீயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). ஓரத்தில் நந்தியாவட்டை, மூலையில் திண்ணை மாதிரி உட்கார ஒரு மேடை. கேஸ் சிலிண்டர்காரர்கூட உங்களை வாழ்த்துவார். 2022இல் மெரினாவில் போட்ட மரப்பாதை சக்கர நாற்காலிக்காகத்தானே வந்தது? அதில் நடக்க ஆசைப்படாதவர் யார்?

அடுத்தது நிலைவாசல், இதில்தான் உங்களோடு சண்டை வரும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வாசப்படி வேண்டும் என்பீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் தேக்கு நிலையின் அடிக்கட்டை தரைக்கு மேலே மூன்று அங்குலம் துருத்திக்கொண்டுதான் இருக்க வேண்டுமா? தரையில் குழி வெட்டி அதை இறக்கி, மேல்முகம் மட்டும் டைல்ஸ் மட்டத்துக்குத் தெரிகிற மாதிரி பதித்து, இரண்டு ஓரமும் பித்தளைப் பட்டை கொடுத்துவிட்டால் மஞ்சளும் பூசலாம், காலும் இடறாது. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வெளிப்பக்கம் லேசாகச் சரிவு கொடுத்தால் போதும். ஆசாரியிடம் சொன்னால், வழக்கமில்லையே என்று இழுப்பார், விடாதீர்கள்.

பாத்ரூம். கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி போட்டிருக்கிறார்கள், அகலம் இரண்டரை அடி. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே திறக்கட்டும், அல்லது ஸ்லைடிங் போடுங்கள், நிலை போக மூன்றடி வழி கிடைக்க வேண்டும், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற வகையாக இருக்கட்டும். குளிக்கிற இடத்தைச் சுற்றித் தடுப்புக்கல் வேண்டாம், தரையையே சரித்து, சுவரோரம் நீளமான வடிகால் வைத்தால் தண்ணீர் போய்விடும், பார்க்கவும் அழகு. கைப்பிடிதான் முக்கியம். உங்கள் சுவர் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமென்ட் கல். சாதாரண ஸ்க்ரூ போட்டுக் கைப்பிடி மாட்டினால், ஒருவர் முழு எடையோடு தொங்கும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் கம்மோடுக்குப் பக்கத்திலும் ஷவருக்கு எதிரிலும் மட்டும் பிளாக்குக்குப் பதில் கான்கிரீட் பட்டை ஒன்று ஓடட்டும். கைப்பிடியைப் பிறகு பித்தளையிலோ கறுப்பு மேட்டிலோ உங்கள் ரசனைக்கு வாங்கலாம், ஒன்றரை அங்குலத் தடிமன் பிடிக்க வாகாக இருக்கும். டவல் ராடை நம்பாதீர்கள், வழுக்கும்போது கை முதலில் அதைத்தான் தேடும்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய அந்த வெள்ளைப் பாத்ரூம் படம்! வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கம்மோடு. அறுபது வயதுக் கண்ணுக்கு இளம்வயதில் கிடைத்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது, எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் தரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. தரைக்கு வழுக்காத கரும்பச்சையோ செங்காவியோ எடுங்கள். ஹாலுக்கும் அந்தப் பளபள விட்ரிஃபைட் டைல்ஸ் வேண்டாம், ஈரக்கால் பட்டால் பனிச்சறுக்குதான். ஆத்தங்குடிக் கல் கேட்டிருந்தீர்களே, அதையே போடுங்கள், ஆனால் எண்ணெய் போட்டு மெருகேற்றாமல்.

சுவிட்ச் மூன்றரை அடி உயரத்தில், பிளக் முழங்காலுக்குக் கீழே போகாமல். கதவுக்கு உருண்டைப் பிடி வேண்டாம், நீளப் பிடி. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி தானாக எரியும் சின்ன விளக்கு. இவையெல்லாம் எலெக்ட்ரீஷியன் ஒரே நாளில் முடித்துவிடும் சமாச்சாரம்.

லிஃப்ட் இப்போது வேண்டாம். கீழேயும் மேலேயும் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தடிச் சதுரத்தில் ஸ்டோர் ரூம் மாதிரி விட்டு வையுங்கள், நடுவிலிருக்கும் ஸ்லாபைப் பிறகு வெட்டி எடுக்கிற மாதிரி பீம் அமைத்துத் தரச்சொல்லுங்கள். அதுவரை மளிகை சாமான் இருக்கட்டும்.

மேஸ்திரி திங்கட்கிழமை சுவர் எழுப்புகிறார் என்றீர்கள். அதற்குள் பாத்ரூம் கதவையும் கான்கிரீட் பட்டையையும் பிளானில் சிவப்பு மையால் குறித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். சித்தப்பாவிடம் 36 அடி விஷயத்தை நானே பேசிக்கொள்கிறேன்.