அண்ணாவுக்கு, பத்திரிகை வைக்க வர்றதுக்கு முன்னாடி

அண்ணா,

டிக்கெட் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹூஸ்டன்ல இறங்கறேன். பாப்பா கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை அம்மா கடலூர்ல குலதெய்வத்துக்கு வெச்சுட்டாங்க. ரெண்டாவது தாய்மாமனுக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு இருந்திடலாம்னு ரெண்டு மாசமா நெனச்சுப் பார்த்தேன். மனசு கேக்கலை.

உன் வாசல்ல வந்து நின்னா எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அது உனக்குப் பிடிக்காது. அதான் முன்னாடியே எழுதிடறேன். எல்லாரும் பார்க்கற இடத்துல ஏன் எழுதறேன்னு கேப்பே. 2017ல ஃபேஸ்புக்ல நான் உன்னைக் குத்தி எழுதினது எல்லாரும் பார்க்கற இடத்துலதானே? பேர் போடலைதான். நம்ம சொந்தத்துல யாருக்குப் புரியாம இருந்துச்சு, சொல்லு. அன்னைக்கு அதுக்கு லைக் போட்டவங்க இதையும் படிக்கட்டும்.

அந்த ஃபோன் இன்னும் காதுல இருக்கு. 2017 ஆகஸ்ட் கடைசி, உங்க ஊர்ல ஹார்வி புயல், செவ்வாய்க்கிழமை ராத்திரி. மழை விட்டுடுச்சு, ஆனா தண்ணி ஏறுதுன்னே. மாடிப்படியில உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தே. "நாலாவது படி வந்துடுச்சும்மா." பின்னாடி தொம் தொம்னு ஒரு சத்தம். என்னண்ணான்னு கேட்டேன். ஃப்ரிட்ஜ் மிதந்து சமையல்கட்டுச் சுவத்துல முட்டுதுன்னே. பார்க்கர் நீர்த்தேக்கத்தோட வயித்துக்குள்ளதான் உன் வீடு கட்டியிருக்குன்னு தண்ணி வந்தப்புறம்தான் உனக்கே தெரிஞ்சுது. வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கவர்மென்ட் ஏதாவது செய்யும்ல, அப்படின்னே. குரல் அப்பா குரல் மாதிரி இருந்துச்சு.

நான் சொன்னேன்: "அதுக்கு ஆஃப்செட் எங்கேருந்து வரும்ணா?"

நீ கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. தொம் தொம் மட்டும் கேட்டுது. அப்புறம், "சார்ஜ் இல்லம்மா, வைக்கறேன்"னே.

அந்த வார்த்தையை எனக்குக் கத்துக்கொடுத்தவனே நீதான். 2013 ஜனவரி. எங்க பக்கம் சேண்டி புயல் அடிச்சு ரெண்டரை மாசம். நியூஜெர்சியில எங்க சேர்வில் வீட்டுல நாலடி உயரத்துக்குச் சுவரை வெட்டி எடுத்துட்டு, ஒரு தோழி வீட்டு பேஸ்மென்ட்ல மூணு பேரும் படுத்திருக்கோம். அமெரிக்கக் கீழ்சபை, அந்த ஹவுஸ்ல, சேண்டி நிவாரணத்துக்கு 50.5 பில்லியன் டாலர் மசோதா 241–180ல பாஸாச்சு. உங்க டெக்சாஸ் ரிபப்ளிகன்கள்ல ஆதரிச்சது ஜான் கல்பர்சன் ஒருத்தர்தான். மேல்சபை செனட்ல உங்க டெட் க்ரூஸும் எதிர்ப்பு. எப்படிண்ணா மனசு வருதுன்னு கேட்டேன். ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தே. 'அவசரம்'னு முத்திரை குத்திட்டா செலவு உச்சவரம்புக்குள்ள வராது, அதனாலதான் ஆளாளுக்கு அந்த வண்டியில மூட்டை ஏத்தறான். வேற எங்கயாவது அதே அளவு வெட்டினாத்தான் நியாயம், அதுதான் ஆஃப்செட். பெரும்பகுதி முதல் ரெண்டு வருஷத்துல செலவே ஆகாது, அதுல என்ன அவசரம்? செனட் மசோதாவுல அலாஸ்கா மீன்பிடித் தொழிலுக்குப் பணம் இருந்துச்சா இல்லையா?

இருந்துச்சு. அதுல நீ சொன்னது சரி. ஆனா ஹவுஸ்ல ஓட்டுக்கு வந்தப்ப அலாஸ்கா மீனை எடுத்துட்டாங்க. எடுத்தப்புறமும் அதே 180 பேர் வேண்டாம்னுதான் ஓட்டுப் போட்டாங்க. அதுக்கு நீ பதில் சொல்லவே இல்லை. 2005ல கத்ரீனா புயலுக்குப் பத்தே நாள்ல 51.8 பில்லியன், 410–11. எங்களுக்குப் புது வருஷத்தன்னைக்கு ஓட்டெடுப்பையே தள்ளிவெச்சாரு ஹவுஸ் சபாநாயகர் ஜான் பேனர். எங்க கவர்னர் கிறிஸ்டி அவர் கட்சி ஆளையே கிழிச்சுத் தொங்கவிட்டதைப் பார்த்திருப்பே. அந்த ஜனவரி 4ல வெறும் 9.7 பில்லியன், வெள்ள இன்சூரன்ஸ் எடுத்தவங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. அதுக்கும் 67 பேர் எதிர்ப்பு. நான் வருஷாவருஷம் பிரீமியம் கட்டின பாலிசிண்ணா அது. தர்மத்துக்கா கேட்டேன்?

இப்ப ஒண்ணு புரியுது. 'கிளப் ஃபார் குரோத்' மாதிரி, கவர்மென்ட் செலவைக் குறைக்கணும்னு நிக்கற அமைப்புக்காரங்க ஒவ்வொரு எம்.பி. ஓட்டுக்கும் மார்க் போடுவாங்க. அடுத்த பிரைமரியில, அதான் கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற தேர்தல்ல, அந்த மார்க்கை எடுத்துக் காட்டி எவனாவது எதிர்த்து நிப்பான். தன் தொகுதியில ஒரு சொட்டுத் தண்ணி வரலை. மசோதா எப்படியும் பாஸாயிடும். 'நோ' போடறதுக்குச் செலவே இல்லை. எல்லாரும் அப்படித்தான்னு சொல்லலை, கணக்கை நிஜமாவே நம்பறவங்களும் உண்டு. நீ நம்பினே. அதுதான் எனக்கு இன்னும் வலிச்சுது.

ஏன்னா 2012 நவம்பர்ல ஜெனரேட்டரைப் பின்னாடி ஏத்திக்கிட்டு, நாலு கேன் பெட்ரோலோட, 1,600 மைல் ரெண்டு நாள் ஓட்டிக்கிட்டு வந்தவன் நீ. பனி கொட்டின மறுநாள் வந்து இறங்கினே. இங்க ஒத்தைப்படை, இரட்டைப்படைன்னு வண்டி நம்பர் பார்த்துப் பெட்ரோல் போட்டுக்கிட்டிருந்த நேரம். பாப்பா உன் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்லை. தானே புயலுக்கு நம்ம தெருவுல ஓடு பறந்த வீட்டுக்கெல்லாம் பணம் அனுப்பினதும் நீதான். யார், என்னன்னு ஒரு கேள்வி கேக்கலை. அது என் பணம், இது பேரன் கட்டப்போற கடன்னு சொல்லுவே. தெரியும். சொல்லாதே.

ஹார்வி வந்தப்ப உங்களுக்கு 7.85 பில்லியன் கேட்டுக் கடிதம் அனுப்பினது யாருன்னு பார்த்தியா? டிரம்ப்போட பட்ஜெட் இயக்குநர் மிக் மல்வேனி. சேண்டிக்கு எல்லா இலாகாவுலயும் 1.63 சதவீதம் வெட்டினாத்தான் ஆச்சுன்னு திருத்தம் கொண்டுவந்த அதே ஆள். இந்தத் தடவை வெட்டு, கிட்டு ஒண்ணும் கேக்கலை. அந்தப் பணத்துக்கு மட்டும் தனியா ஓட்டு வந்தப்ப 419–3. ரெண்டு நாள் கழிச்சு 15.25 பில்லியனாக்கி, கவர்மென்ட் கடன் வரம்போட சேர்த்து முடிச்சுப் போட்டு வந்ததும் 316–90. எதிர்த்ததுல நாலு பேர் டெக்சாஸ்காரங்க. வெள்ளத்துக்குத் தூரமா டல்லாஸ் பக்கம் மூணு பேர், அமரில்லோ பக்கம் ஒருத்தர். அவங்களைத் திட்டி நீ போட்ட மெசேஜ் இன்னும் என் ஃபோன்ல இருக்கு. அழிக்கலை. உன்கிட்ட ஒரு நாள் காட்டணும்னுதான் வெச்சிருந்தேன்னு ஒத்துக்கறேன்.

நியூயார்க் ரிபப்ளிகன் எம்.பி. பீட்டர் கிங் சேண்டியப்ப எங்களுக்காகக் கத்தின ஆள். ஹார்விக்கு நான் ஆதரவாத்தான் ஓட்டுப் போடுவேன், அவங்க எங்களுக்குச் செஞ்சதைத் திருப்பிச் செய்ய மாட்டேன்னு வெளிப்படையாவே சொன்னாரு. அந்தாள் அரசியல் எனக்கு ஆகவே ஆகாது. ஆனா அந்த வாரம் அவருக்கு இருந்த பெருந்தன்மை உன் கூடப் பொறந்தவளுக்கு இல்லை.

அதுக்கப்புறம் அண்ணி ஃபோன் பண்ணினதை இங்க எழுதப் போறதில்லை. அவங்க சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்லைன்னு மட்டும் சொல்லிக்கறேன்.

சேர்வில் வீடு இப்ப இல்லைன்னு உனக்குத் தெரியும். மாநிலமே புயலுக்கு முந்தின விலை கொடுத்து வாங்கி, இடிச்சு, புல் போட்டுட்டாங்க. அது அந்த 50.5 பில்லியன்லேருந்து வந்த பணம். கல்யாண மண்டபத்து அட்வான்ஸ்ல அதோட மிச்சமும் இருக்கு. இதைச் சொல்லணும்னு எழுதலை. எழுதிட்டேன், இருக்கட்டும்.

2021 பிப்ரவரியில உங்க ஊர்ல கரண்ட் போய் நீங்க உறைஞ்சு கிடந்தப்ப, உன் ஜெனரேட்டர் என் கராஜ்ல துணி போத்திக்கிடந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஃபோன் பண்ணலை. படியில இருந்தப்ப கேட்டதுக்கும் மன்னிச்சுடு, இதுக்கும் மன்னிச்சுடு.

போன வாரம் அதை வெளிய எடுத்தேன். பழைய பெட்ரோல் கார்புரேட்டர்ல பிசினா உறைஞ்சு போயிருந்துச்சு. மெக்கானிக்கிட்ட கொடுத்துக் கழுவி வாங்கிட்டேன். நாலு தடவை கயித்தை இழுத்தப்புறம் ஸ்டார்ட் ஆச்சு, நல்லா ஓடுது. ஃப்ளைட்ல ஏத்த விட மாட்டாங்க. கல்யாணத்துக்கு நீ வண்டியிலயே வந்துடேன், ரெண்டு நாள்தானே. போகும்போது எடுத்துட்டுப் போலாம்.