மாடிக்குச் சுவர் எங்கே?

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் மெசேஜும் போட்டோக்களும் கிடைத்தன. மேல் மாடிக்குக் கான்கிரீட் போட்டாச்சு என்றதில் ரொம்ப சந்தோஷம். கையில் இருந்த பணம் தீர்ந்தது, கைப்பிடிச் சுவரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் நலம். இஸ்ரேலில், இந்தப் பெத்தா திக்வா ஊரில் வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் பார்த்துக்கொள்ளும் தாத்தாவால் இப்போது நடக்கவே முடிவதில்லை, ஆனால் ஞாபகத்துக்கும் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை.

இங்கே யூதர்கள் படிப்பதும் நம்முடைய பழைய ஏற்பாடுதானா என்று கேட்டிருந்தாய். ஆமாம், தோரா என்றால் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை ஐந்து புத்தகம். அதை 54 பகுதியாகப் பிரித்து, சனிக்கிழமை தோறும் ஜெப ஆலயத்தில் ஒன்று (சில வாரம் இரண்டு சேர்ந்து வரும்) என்று ஒரு வருஷத்தில் முடிப்பார்கள், முடித்த அன்றைக்கே மறுபடி ஆதியாகமம் முதல் வசனம். தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நானும் இருப்பேன். தோல் சுருளில் உயிர்க்குறி கிடையாது, ராகக் குறியும் கிடையாது, நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாத மாதிரி. வாசிப்பவர் முன்கூட்டியே பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து வெள்ளிக் குச்சியால் சுட்டிச் சுட்டிப் படிக்கிறார். பொருள் மாறும்படி ஒரு சொல் தவறினால் பக்கத்தில் நிற்பவர் விடமாட்டார், சத்தமாகத் திருத்துவார், இவரும் முகம் சுளிக்காமல் திரும்பிப் போய்ச் சரியாகப் படித்துவிட்டுத்தான் மேலே போவார்.

எனக்கு இதில் பிடித்தது, எதைப் படிப்பது என்று நாம் பொறுக்க முடியாது என்பதுதான். நம் வீட்டில் மனசு சரியில்லை என்றால் 23ஆம் சங்கீதம், பயணம் கிளம்பினால் 121, லேவியராகமம் வந்தால் நைசாகத் தாண்டிவிடுவோம். இங்கே சுவரில் பிடிக்கிற பூசணத்தைப் பற்றி வந்தாலும் அந்த வாரம் அதுதான். செங்கடல் பிளந்தது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்துத் திங்கட்கிழமை நான் என்ன செய்ய? அன்றாடத்துக்கு ஆகிற சங்கதி எல்லாம் நாம் தாண்டிப்போன சட்டப் பகுதியில்தான் கிடக்கிறது மக்கா.

இந்த வாரப் பகுதிக்குப் பெயர் கி தேத்சே, உபாகமம் 21இன் நடுவிலிருந்து 25 முடிய. தோராவில் மொத்தம் உள்ள 613 கட்டளைகளில் 74 இதிலேயே வருகிறது என்று ஒரு கணக்கு. அதில் ஒன்று, புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின் மேல் என்பது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தாத்தாவிடம் உன் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்குக்கிட்டே கொண்டுபோய், "சுவர் எங்கே?" என்றார். பணம் இல்லையாம் என்றேன். மாடியில் துணி காயப்போட்டிருக்கிறது, அப்படியானால் ஆள் ஏறுகிறார்கள்தானே என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

ரஷி என்று தோராவுக்கு உரை எழுதிய ஒரு பெரியவர், பிரான்சில் த்ருவா நகரத்தில் 1040இல் பிறந்தவர். அவர் இந்த இடத்தில் சொல்வது, விழுகிறவனுக்கு விழுவதே விதியாக இருக்கலாம், இருந்தாலும் அது உன் மூலமாக நடக்க வேண்டாம். நம் ஊரில் விதி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. இந்த மனிதர் விதியை ஒத்துக்கொண்ட பிறகும் வீட்டுக்காரனை விடமாட்டேன் என்கிறார். தல்மூத் (தோராவின் சட்டங்களை யூத அறிஞர்கள் அலசிய பழைய நூல்) இதே வசனத்தை வைத்து, வீட்டில் கடிநாயும் ஆடுகிற ஏணியும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. உன் போட்டோவில் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஏணி சாய்ந்திருக்கிறதே, அதைத் தாத்தாவுக்குக் காட்டவில்லை. சுவருக்கு உயரம் பத்துக் கையகலம், 80 சென்டிமீட்டருக்குக் குறையாது. பூச்சு வேலை நிற்கட்டும், இதை முதலில் முடி.

கூலியும் இதே பகுதியில் வருகிறது, பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்று. வாரக்கூலி பேசியிருந்தால் வாரக் கடைசி போதும், அதில் நீ தப்பித்தாய். ஆனால் அதற்குத் தல்மூத்தில் சொல்கிற காரணம் எனக்குள் அப்படியே நின்றுவிட்டது: அவன் உயரத்தில் ஏறி, மரத்தில் தொங்கி, உயிரைப் பணயம் வைத்தது எதற்கு, இந்தக் கூலிக்குத்தானே என்று கேட்கிறார்கள். சாரத்தில் நிற்கிற கொத்தனாரையும் கையாளையும் நினைத்துக்கொண்டேன். பாக்கி ஏதும் இருந்தால் தீர்த்துவிடு.

இன்னொரு சேதி. நெகாமா லைபோவிட்ஸ் என்று ஒரு ஆசிரியை இருந்தார், 1942 முதல் 1971 வரை வாரா வாரம் அந்தந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வித்தாள் அனுப்பிக்கொண்டிருந்தார். தாளில் விடை கிடையாது, கேள்வி மட்டும். எழுதி அனுப்பினால் அவரே திருத்தித் திருப்பி அனுப்புவார். தாத்தாவின் மனைவி அப்படிப் பதில் எழுதியவராம். சில தாள்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, தாத்தா ஒன்றையும் தூக்கிப் போட விடவில்லை.

அப்புறம் உன் தம்பி விஷயம், அந்த நடைபாதைத் தகராறு. இந்தப் பகுதியில் சகோதரனுடைய கழுதை விழுந்தால் தூக்கிவிடு என்று வருகிறது, யாத்திராகமம் 23இல் அதே கழுதை பகைவனுடையது. நண்பனுக்குச் சுமை இறக்க வேண்டும், பகைவனுக்குச் சுமை ஏற்ற வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் யாரிடம் முதலில் போவது? பகைவனிடம் போ, உன் மனசை அடக்கப் பழகு என்கிறது தல்மூத். ஆனால் கழுதைக்காரன், உனக்குத்தானே கட்டளை, நீயே தூக்கு என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டால் நீ தூக்க வேண்டியதில்லை என்றும் சட்டம் உண்டு. (இது சும்மா உட்காருகிறவனுக்குத்தான், கழுதைக்காரன் கிழவனோ நோயாளியோ என்றால் நீ தூக்கத்தான் வேண்டும்.) அதனால் நீயே ஒரு தடவை போய்ப் பேசு. திண்ணையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்திருந்தான் என்றால் எழுந்து வந்துவிடு, அதற்குமேல் உன்மேல் குற்றமில்லை.

டிசம்பர் லீவு இன்னும் முடிவாகவில்லை. முடிந்தால் அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
ஜெபராஜ்