செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பானிக் ஒஸ்த்ராவா ரசிகர் மன்றம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செக் நாட்டுக் கால்பந்து அணியான பானிக் ஒஸ்த்ராவாவின் ரசிகர்களாகிய நம் மன்றத்தின் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய உள்ள காலத்துக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். திங்கள் மாலைக் கூட்டங்களில் பருவத்தைப் பற்றிப் பேசப்பட்டவை, அரங்கிலும் வெளியூர்ப் பயணத்திலும் நம் கைப்பட்ட வேலைகள், அவற்றில் எது கெட்டது, ஏன் கெட்டது என்பவை மட்டும் இதில் உள்ளன.

முதலில் செக் முதல் பிரிவு லீகின் இறுதிப் பட்டியல். ஸ்லாவியா சாம்பியன், பிள்சென் இரண்டாவது, நாம் மூன்றாவது, ஸ்பார்த்தா நான்காவது. யப்லோனெட்ஸும் சிக்மா ஒலமோட்ஸும் ஐந்து, ஆறு. 2009–10இல் ஸ்பார்த்தா, யப்லோனெட்ஸ் இரண்டுக்கும் பின்னால் வந்தோமே, அதற்குப் பிறகு மூன்றாமிடத்தை நாம் கண்ணால் பார்த்தது இப்போதுதான். நடுவில் 2016இல் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, 2017இல் ஏறி வந்ததையும் புதிய உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தைய இரண்டு பருவங்களிலும் சாம்பியனான ஸ்பார்த்தாவைப் பின்னால் தள்ளியதைக் கொண்டாடிய கூட்டத்தில், நம் புகழ்பெற்ற கோஷத்தில் வசைச் சொல்லான இரண்டாம் சொல்லை நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. பொதுவில் படிக்கப்படும் ஏடு என்பதால் ஏற்கவில்லை.

இந்த மூன்றாமிடம் எப்படி வந்தது என்பதில்தான் அதிக விவாதம். ஒரு தரப்பின் வாதம் எளிமையானது: ஐரோப்பியப் போட்டி ஆட்டங்கள் நடக்கும் வியாழக்கிழமைகள் நமக்குக் காலியாக இருந்தன. ஆகஸ்டில் ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் கோபன்ஹேகன் அணியிடம் பெனால்டியில் வெளியேறியபோது அழுதோம். ஆனால் அதோடு நம் ஐரோப்பியக் கணக்கு 4 ஆட்டங்களில் முடிந்துபோனது. ஸ்பார்த்தா தகுதிச் சுற்றில் 6, சாம்பியன்ஸ் லீகில் 8 என 14 ஆட்டங்கள் ஆடியது. மான்செஸ்டர் சிட்டியிடம் 5, அட்லெட்டிகோவிடம் 6 கோல் வாங்கிய வாரங்களின் களைப்பு உள்ளூர் ஆட்டங்களிலும் தெரிந்தது. ஸ்பார்த்தாவின் பயிற்சியாளர் பிரிஸ்கே பருவத்துக்கு முன்பே ஃபயனோர்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஃபிரிஸையும் பருவம் முடியும் முன்பே அனுப்பினார்கள். இன்னொரு செக் அணியான ம்லாதா போலெஸ்லாவ், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகில் ரியல் பெட்டிஸை 2–1 என வென்றது. உள்ளூர்ப் பட்டியலிலோ கடைசி ஆறு அணிகளுக்குள் விழுந்தது.

மறுதரப்பு ஒரே பெயரைச் சொல்லி வாயடைத்தது: பிள்சென். தகுதிச் சுற்றில் 4, இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகில் 8, அதன் பிறகு ஃபெரென்ஸ்வாரோஷுடனும் லாட்சியோவுடனும் 4 என 16 ஐரோப்பிய ஆட்டங்கள் ஆடிவிட்டு, எழுபது வயதைத் தாண்டிய பயிற்சியாளர் மிரோஸ்லாவ் கோவ்பெக்கின் கீழ் இரண்டாவதாக வந்தார்கள். ஆக, களைப்பு மட்டுமே காரணம் என்றால் நாம் அவர்களுக்கு மேலே இருந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் பவெல் ஹபாலின் கீழ் நம் அணி நன்றாக ஆடியது, ஓய்வும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. வரும் பருவத்தில் வியாழக்கிழமைகள் நமக்கும் நிரம்பலாம். அப்போது இந்த விவாதம் தானாகத் தீரும்.

பட்டியல் பிரிவதும் நம் வேலையும்

இந்த ஆண்டு நம் ஏற்பாடுகளில் கெட்டுப்போனவற்றில் பெரும்பகுதிக்கு ஒரே வேர்தான். 2018–19 முதல் லீக் இரண்டு கட்டமாக நடக்கிறது. 16 அணிகள் 30 சுற்று ஆடிய பிறகு பட்டியல் மூன்றாகப் பிரிகிறது. முதல் ஆறு அணிகள் புள்ளிகளைக் குறைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு தங்களுக்குள் இன்னும் ஐந்து ஆட்டம் ஆடுகின்றன. 7 முதல் 10 வரை உள்ளவை ஐரோப்பிய வாய்ப்புக்காக இரண்டு ஆட்ட முறையில் மோதுகின்றன. கீழ் ஆறும் ஐந்து ஆட்டம் ஆடி, கடைசி அணி நேராக இறங்குகிறது. 14, 15 இரண்டும் இரண்டாம் பிரிவின் 2, 3ஆம் அணிகளுடன் மோத வேண்டும்.

இதில் நமக்கு முக்கியம், முதல் மூன்று இடங்களுக்குச் சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம், அடுத்த மூன்றுக்கு இரண்டே என்பது. 30ஆம் சுற்றின் கடைசி விசில் ஊதும்வரை எத்தனை முறை நம் அரங்கில் ஆடுவோம், யார் எப்போது வருவார்கள் என்று உறுதியாகத் தெரியாது. தெரிந்த பிறகு நேரம் இல்லை. துணி தைத்து, வரைந்து, உலர்த்தி எடுக்க நமக்கு மூன்று வாரம் வேண்டும். ரயிலில் குழுப் பயணச் சீட்டை முன்கூட்டி எடுத்தால்தான் விலை குறையும். இரண்டுமே இந்த வசந்தத்தில் அவசரத்தில் நடந்தன.

அவசரத்தின் பலன் பெரிய பேனரில் தெரிந்தது. 30 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 600 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 70 கிராம் உள்ள பாலியஸ்டர் என்பதால் துணி மட்டும் 42 கிலோ. பெயின்டோடு சேர்ந்தால் அதற்கும் மேல். நீலத்தை இரண்டு பூச்சாக அடித்தார்கள். மேல் பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தது, அடியில் ஈரம் இருந்தது. அப்படியே மடித்துக் கூடத்தில் அடுக்கியதில் நீலப்பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அரங்கில் கயிற்றை இழுத்தபோது மேல் மூன்றில் ஒரு பங்கு விரிந்தது, மீதி பிசுக்கென்று நின்றது. பலமாக இழுத்தவுடன் தையல் விட்டது. இனி மெல்லிய பூச்சாகவே அடிப்பது, கடைசிப் பூச்சுக்குப் பின் முழுதாக இரண்டு நாள் விரித்துப் போடுவது, பெயின்ட் பக்கம் பெயின்ட் பக்கத்தைத் தொடும் இடமெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைப்பது என்று முடிவாகியுள்ளது. மடிப்பும் விசிறி மடிப்பாகவே இருக்க வேண்டும். சுருட்டினால் 20 மீட்டரைப் படிக்கட்டில் உருட்ட இடம் கிடையாது.

இருக்கைக்கு ஒன்றாக வைக்கும் வண்ணத் தாள்கள் பிழையின்றி நடந்தன. வரிசை வாரியாக எண்ணி, தாளை இருக்கையின் அடியில் ஒட்டுப்பட்டையால் ஒட்டியதால் காற்று தூக்கவில்லை. படிக்கட்டில் நிற்பவர்களுக்குத் தாள் இருக்காது என்பதை மட்டும் வரைபடம் போடுகிறவர் மறக்காமல் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தின் நடுவே சாம்பல் கோடு விழும்.

விட்கோவிட்சே அரங்கு

2015இல் நம் பழைய மைதானமான பஸாலியை விட்டு இங்கே வந்தோம். பத்து ஆண்டு ஆகியும் மைதானத்தைச் சுற்றியுள்ள தடகள ஓட்டப்பாதை பழகவில்லை. சுமார் 15,000 பேர் அமரும் அரங்கில் கோலுக்குப் பின்னால் நிற்கிறவருக்கும் கோலுக்கும் நடுவே அந்தப் பாதையின் வளைவு முழுதும் கிடக்கிறது. பார்வையைவிடக் கெட்டது தாளம். ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும். நம் பகுதியில் அடிக்கும் டிரம் 170 மீட்டர் தள்ளி எதிர்ப்புறம் உள்ளவர் காதில் அரை வினாடி தாமதமாக விழுகிறது. அவர்கள் கைதட்டல் இன்னொரு அரை வினாடி கழித்து நமக்கு வருகிறது. உடனே டிரம்காரர் அதற்கு இழுபட்டு வேகம் குறைக்கிறார், பாட்டு ஊளையாகிவிடுகிறது. எதிர்ப்புறம் இருப்பவர்கள் காதை நம்பாமல் நம் முன்வரிசையில் உயர்த்தும் கையைப் பார்த்துத் தட்டினால் சரியாக வருகிறது என்று இலையுதிர் காலத்தில் சோதித்துப் பார்த்தாயிற்று. டிரம்காரர் எதிர்ப்புறத்தைப் பார்க்காமல் திரும்பி நிற்பதும் உதவுகிறது.

ரசிகர்கள் கொளுத்தும் ஃபிளேர் என்ற வண்ணத் தீச்சுடர் பற்றி ஒரு சொல். அபராதம் கிளப்புக்கு விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டப்பாதையில் விழுந்தால் பாலியூரித்தேன் பரப்பு உருகிக் குழியாகிவிடும் என்பதைச் சிலர் யோசிப்பதில்லை. 1961 முதல் நடக்கும் தங்க ஸ்பைக் தடகளப் போட்டி அதே பாதையில்தான் நடக்கிறது. தடகளக்காரர்கள் நம்மைப் பார்த்து முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வெளியூர்

தலைநகர் பிராகாவுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு ஆட்டமானால் விருந்தினர் பகுதியை உடனே திறக்க மாட்டார்கள். அரை மணி நேரம் உள்ளேயே நிற்க வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் திரும்பும் சீட்டு எடுத்தவர்கள் நள்ளிரவு நடைமேடையில் குளிரில் நடுங்கினார்கள். இனி ஆட்டம் முடிந்து 90 நிமிடத்துக்குள் புறப்படும் ரயிலுக்கு மன்றம் சீட்டு எடுக்காது.

இந்தப் பருவ முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது செஸ்கே புடியோவிட்சே, அங்கிருந்து ஏறியது ஸ்லின். டுக்லாவும் பர்துபிட்சேயும் இரண்டாம் பிரிவு அணிகளைத் தாண்டித் தங்கிவிட்டன. அனுதாபம் ஒரு பக்கம் இருக்க, நாட்டின் மறுகோடிக்குப் போகும் பயணம் போய், ஓத்ரோகோவிட்சேயில் ரயில் மாறினால் முடிகிற பயணம் வந்திருக்கிறது. பயணக்குழு இதை ஆண்டின் சிறந்த முடிவு என்று குறித்திருக்கிறது.

ஐரோப்பா. மே 14 அன்று ஒலமோட்ஸில் சிக்மா 3–1 என ஸ்பார்த்தாவை வென்று செக் கோப்பையை எடுத்து, ஆறாமிடத்திலிருந்தே யூரோப்பா லீக் பிளே-ஆஃபுக்குப் போகிறது. ஐந்தாவதாக வந்த யப்லோனெட்ஸுக்கு ஒன்றும் இல்லை. நமக்கு யூரோப்பா லீக் இரண்டாம் தகுதிச் சுற்று: ஜூலை 24 இங்கே, 31 அங்கே. எதிரணி போலந்தின் லெகியாவா, கஸகஸ்தானின் அக்தோபேயா என்பது ஜூலை 17 இரவுதான் தெரியும். லெகியா என்றால் கத்தோவிட்சே வழியாக ரயில் இருக்கிறது, சுமார் நான்கு மணி நேரம் ஆகும். அக்தோபே என்றால் விமானம், மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம், வேலையிடத்தில் குறைந்தது மூன்று நாள் விடுப்பு. விருந்தினருக்கு அரங்கின் இருக்கைகளில் 5 சதவீதம்தான் என்பதால், வெளியூர் ஆட்டங்களுக்கு அதிகம் வந்தவர்களுக்கே முன்னுரிமை. பெயரும் பிறந்த தேதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதித் தர வேண்டும். செல்லப் பெயர் எழுதிய தாள்கள் திருப்பி அனுப்பப்படும். 17ஆம் தேதிக்கு முன் யாரும் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

பேனர் கூடத்தின் இரண்டாம் சாவி மார்ச் முதல் காணவில்லை. வைத்திருப்பவர் இன்றே மேசையில் வைத்துவிட்டால் பூட்டை மாற்றும் செலவு மிச்சம்.