அந்தத் தூளிச் சேலையை இன்றே அவிழ்த்துவிடு

கண்ணு,

ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. போனில் சொல்லலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் பாப்பா எழுந்துவிடுகிறாள், நீயும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா சரிம்மா" என்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து நீளமாகவே எழுதுகிறேன். அவள் தூங்கின பிறகு நிதானமாகப் படி.

முதலில் அந்தத் தூளி. வாடாமல்லிக் கலர் சேலையை என் பீரோவிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன், அதில் அந்துருண்டை போட்டிருந்தது எனக்கு நினைவே இல்லை. நான் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி அவளைத் தூக்கியபோது தலைமுடியில் அதே வாசம். நீ துவைத்துத்தான் கட்டியிருக்கிறாய், ஆனால் ஒரு அலசலில் போகிற வாசம் இல்லை அது. உருண்டை உருகாமலே நாளுக்கு நாள் சின்னதாகிப் போகிறதே, அது எங்கே போகிறது? ஆவியாகித் துணிக்குள் ஏறுகிறது, அப்புறம் அந்தத் துணியைப் போர்த்துகிறவர் மூச்சுக்குள்ளும் தோலுக்குள்ளும் போகிறது.

உன் சித்தி பையன் பிறந்தபோது நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், நீ அப்போது சின்னப் பெண். ஐந்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சள், ஆறாம் நாள் பால் குடிக்கவே இல்லை. வெளிச்சத்தில் வைத்தும் இறங்காமல் கடைசியில் ரத்தம் மாற்றித்தான் பிழைத்தான். டாக்டர் எங்களைக் கேட்ட முதல் கேள்வியே, "பீரோவில் இருந்த துணியிலா குழந்தையைச் சுற்றினீர்கள்?" என்பதுதான். பாட்டியின் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துத்தான் சுற்றியிருந்தோம், அத்தனையும் அந்துருண்டையோடு பத்து வருஷம் கிடந்தவை. சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்குமாம், அவர்கள் உடம்பில் அந்துருண்டையின் நாப்தலீன் போனால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும், அதில்தான் மஞ்சள் ஏறுகிறது. ஆண் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் என்றாலும் பெண் குழந்தைகளுக்கும் வரலாம். என் தங்கை வழியில் இருக்கிறது என்றால் என் வழியிலும் உன் வழியிலும் இருக்கலாம் இல்லையா? அடுத்த தடவை ஊசி போடப் போகும்போது டாக்டரிடம் இதைச் சொல்லி, அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேள். நான் இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், மாப்பிள்ளை பயந்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன், அது தப்பு.

அப்புறம் உன் பாத்ரூம். ஏழு பாட்டில் எண்ணினேன். அவ்வளவு வேண்டாம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், டாய்லெட் கழுவுகிற திரவமும் பிளீச்சும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் எனக்கு உதறல். முதலாவதில் இருப்பது அமிலம். அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நீ மூணாவது படிக்கும்போது, தீபாவளிக்கு முன்னால் கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினேன். அடுத்த நிமிஷம் நெஞ்சை யாரோ உள்ளேயிருந்து பிடித்த மாதிரி ஆகிவிட்டது, கதவைத் திறந்து வெளியே விழுந்தேன், ஒரு வாரம் இருமல் நிற்கவில்லை. 1915-இல் பெல்ஜியத்தில் போர்க்களத்தில் சிப்பாய்கள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான் என்று அப்பா அப்போது சொன்னார். உன் வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கும் இதைத் தெலுங்கில் புரிகிற மாதிரி சொல்லிவிடு, அவர்தான் தினமும் அந்தச் சின்ன அறைக்குள் குனிந்து நிற்கிறார். ஒன்றை ஊற்றினால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி முடியட்டும், இன்னொன்று அன்றைக்கு வேண்டவே வேண்டாம். ஃபினாயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கமும் வேண்டாம். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள், இன்னும் மூணு மாசத்தில் எதையாவது பிடித்து எழுந்து நிற்பாள், அவளுக்குப் பாட்டில் என்றால் குடிக்கிற பாட்டில்தான். தப்பித் தவறி எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

தரைக்கு வெறும் சோப்புத் தண்ணீர் போதும். வாசம் வந்தால்தான் சுத்தம் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். சுவரில் சொருகியிருக்கிற அந்த மணக்கிற மெஷினைக் கழற்றிவிட்டு, காலையில் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திற.

ஜன்னல் என்றதும் இன்னொன்று. உன் அறை ஜன்னல் கம்பியில் பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. அந்த அபார்ட்மெண்ட் கட்டி இருபது வருஷமாவது இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தையதை நம்ப முடியாது. ஈயம் குழந்தை மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், போன பாதிப்பு திரும்ப வராது. நீங்களாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூசி வீடு முழுக்கப் பரவிவிடும். வீட்டுக்காரரிடம் பேசுகிற வரைக்கும் ஈரத்துணியால் துடை, அவள் கட்டிலை அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்திவிடு.

கொசுவுக்கு வலைதான் கண்ணு. மின்சாரம் போகிறபோது சுருள் கொளுத்துகிறாய். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வருகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவரை அவள் பக்கத்தில் உட்கார விடுவாயா? நான் உனக்குக் குளிப்பாட்டி முடித்ததும் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி போட்டவள்தான், அதையும் இப்போது வேண்டாம் என்கிறேன், புகை எதுவானாலும் அந்தச் சின்ன நுரையீரலுக்குப் புகைதான். பழசெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. வசம்பைத் துணியில் முடிந்து பீரோவில் வை, அவள் நாக்கில் தேய்க்காதே. கடை மையும் வேண்டாம், நான் செய்து தருகிற மையும் வேண்டாம்.

சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் வாங்குவதைப் பற்றி உனக்கு நூறு தடவை சொல்லியாயிற்று. அந்த எவர்சில்வர் தூக்கை மாப்பிள்ளை வண்டியிலேயே வைத்துவிடு.

அப்பாவின் பழைய வேட்டி நாலை வெந்நீரில் அலசி, மூணு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்திருக்கிறேன். பீரோவில் வைக்காமல் புதுத் துணிப்பையில் கட்டி நாளைக்குப் பார்சல் போடுகிறேன், வியாழக்கிழமை வந்துவிடும். அதுவரைக்கும் பாப்பா உன் பக்கத்திலேயே பாயில் படுக்கட்டும்.

அம்மா