அந்தக் குருவி விளையாட்டுப் பொருள் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல இத்தாலி ஓவியர் ரஃபேலோட 'கோல்ட்ஃபின்ச் மடோனா' (குருவியோட இருக்கற மாதா) ஓவியத்த பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், இதுக்கெல்லாம் பக்கம் ஒதுக்கினதுக்கே நன்றி, ஆனா "குழந்தைங்க ரெண்டும் குருவி வச்சு விளையாடுதுங்க, மாதா ரசிச்சு பாக்கறாங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்களே, அதுதான் மனசு கேக்கல.

குட்டி யோவான், அதான் பின்னாடி இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரு, நீட்டற அந்தக் குருவி சும்மா ஏதோ ஒரு குருவி இல்ல. கோல்ட்ஃபின்ச்சுக்கு மூஞ்சி சிவப்பா இருக்கும், முள்செடி விதைய தின்னு வாழற பறவை. இயேசு தலைல குத்தின முள்ள பிடுங்கப் போயி ரத்தம் தெறிச்சுதான் அந்தச் சிவப்பு வந்துச்சுன்னு ஐரோப்பாவுல பழைய கதை ஒண்ணு உண்டு. இப்போ படத்த பாருங்க, குழந்தை இயேசு அது தலையத்தான் தடவறாரு, கால் மட்டும் அம்மா பாதத்து மேல. பின்னாடி வரப்போற சாவ அந்தப் பிஞ்சுக் கை தொடுது, எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்கதான் கண்ணு நிக்கும். இத்தனைக்கும் இது லோரென்சோ நாசிங்கற இத்தாலி ஃபிளாரன்ஸ் நகரத்து வியாபாரி கல்யாணத்துக்காக 1506 வாக்குல வரைஞ்சது!

மாதாவோட சிவப்பு உடுப்பும் அப்படித்தான், அன்பும் அதுதான் ரத்தமும் அதுதான், மேல போத்தின நீலம் வானம். அந்தக் காலத்துல மாதாவுக்குன்னு போடற நல்ல நீலம் ஆப்கானிஸ்தான் பதக்ஷான் மலையில வெட்டின லாபிஸ் லசூலிங்கற நீலக் கல்ல அரைச்சு எடுத்தது, கடல் தாண்டி வர்றதால அல்ட்ராமரைன்னே பேரு, எவ்வளவு ஒசந்த ரகம் போடணும்னு ஓவியர்கிட்ட ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குவாங்களாம்.

ஆனா நீங்க போட்ட போட்டோல அந்த நீலமே தெரியல, எல்லாம் பழுப்பா கெடக்கு. அது ரிப்பேருக்கு முந்தின பழைய போட்டோன்னு நெனைக்கிறேன். வரைஞ்சு சுமார் 40 வருஷத்துல நாசி வீடு இடிஞ்சு விழுந்து படம் வரைஞ்ச மரப்பலகை 17 துண்டாச்சு, ஆணி அடிச்சு ஒட்டவச்சு விரிசல் தெரியாம மேல மேல பெயிண்டும் வார்னிஷும் பூசியிருந்தாங்க, அதையெல்லாம் ஃபிளாரன்ஸ்லயே பத்து வருஷம் பொறுமையா சுத்தம் பண்ணி 2008ல வெளிய காட்டினப்போதான் அந்தச் சிவப்பும் நீலமும் திரும்ப வந்துச்சு. இப்போ அதே ஊரு உஃபிசி மியூசியத்துல இருக்கு.

அடுத்த இதழ்ல புது போட்டோவ கலர்ல போடுங்க சார், அரைப்பக்கம் போதும், கூடவே அந்தக் குருவி மூஞ்சிய மட்டும் தனியா பெருசாக்கி ஒண்ணு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி