அந்த நாலாயிரம் கிளிப்புகள்

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சலித்துக்கொண்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. படித்தது ஒலி வடிவமைப்பு, பார்ப்பது குமாஸ்தா வேலை, மூன்று வாரமாக நாலாயிரம் ஒலிக் கிளிப்புகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாய். நான் பதில் சொல்லத் தொடங்குமுன் உன் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோடம்பாக்கத்தில் உதவியாளனாகச் சேர்ந்த காலத்தில் ஒலியைப் பற்றிய விவரக் குறிப்புக்கு மெட்டாடேட்டா என்று பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியாதே தவிர, அந்த வேலை இருந்தது. நாகரா ஒலிப்பதிவுக் கருவியில் பதிவான கால் அங்குல டேப்பை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதன் முதுகில் படத்தின் பெயர், ரோல் எண், சீன், ஷாட், டேக் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவோம். டேப் பெட்டி மாறிப் போனால் எழுத்து ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் கிடக்கும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிக் கேட்க வேண்டியதுதான். 1997-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், வேவ் என்ற கணினி ஒலிக்கோப்புக்குள்ளேயே விவரம் எழுத இடம் ஒதுக்கி பிராட்காஸ்ட் வேவ் வடிவத்தைக் கொண்டுவந்தபோது எங்களுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி, இனிப் பெட்டியையும் டேப்பையும் யாரும் பிரிக்க முடியாது என்பதுதான்.

ஆனால் பெட்டிக்குள் எழுதினாலும் சரியாக எழுதினால்தானே? நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு முடிந்த இரவு நல்ல மழை பிடித்துக்கொண்டது. தங்கியிருந்த வீட்டின் ஓலைத் தாழ்வாரத்தில் மைக்கை வைத்துப் பன்னிரண்டு நிமிடம் பதிவு செய்தேன். பெட்டியில் ‘மழை, இரவு, நன்று’ என்று மட்டும் எழுதினேன். சில மாதங்கள் கழித்து வேறொரு படத்தில், நகரத்து மொட்டைமாடியில் நடக்கும் காட்சிக்கு மழை தேவைப்பட்டது. நான் ஊரில் இல்லை. இருந்தவர்கள் பெட்டியை நம்பி எடுத்து, முதல் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அப்படியே சேர்த்துவிட்டார்கள். மிக்ஸிங் அன்று கதாநாயகன் பேச்சை நிறுத்தி மௌனமாக நிற்கும் இடத்தில், நகரத்தின் நடுவே தவளைகள் கச்சேரியைத் தொடங்கின. நான்காவது நிமிடத்திலிருந்து தவளை உண்டு என்று எனக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியாது. தவளை போகட்டும், ஓலையில் விழும் மழைக்கும் சிமெண்டுத் தரையில் விழும் மழைக்கும் உள்ள வேறுபாடுகூட ‘மழை’ என்ற ஒற்றைச் சொல்லில் இல்லை. அரைநாள் வேலை வீணாயிற்று. மிக்ஸிங் இன்ஜினியர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே விளக்கக் கட்டத்தில், படத்தில் என்ன தெரிந்தது என்று எழுதாதே. காதில் என்ன விழுகிறது என்று எழுது. மழை எதன்மேல் விழுகிறது, மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது, உள்ளேயா வெளியேயா, எந்த நொடியில் ரயில் கூவுகிறது, எங்கே நாய் குரைக்கிறது என்பதெல்லாம் வேண்டும். 2020-இல் ஒலித் தொகுப்பாளர்கள் சிலர் கூடி இலவசமாக வெளியிட்ட யூசிஎஸ் என்ற ஒலி வகைப்பாட்டை உங்கள் ஸ்டூடியோவில் பின்பற்றுவதாகச் சொன்னாய், நல்லது. மழையைக்கூட உலோகம், கண்ணாடி, மரம் என்று விழும் பரப்பை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது, தவளை பட்டவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நாட்டு ஓட்டில் விழுவதும் கீற்றில் விழுவதும் வேறு என்பதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

தமிழில் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். பிராட்காஸ்ட் வேவின் விளக்கக் கட்டம் 256 எழுத்து கொண்டது, அதுவும் ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்காக வகுக்கப்பட்டது. அதில் தமிழை இட்டால் வேறொரு மென்பொருளில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கலாம். அங்கே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, அதே கோப்பில் ஐஎக்ஸ்எம்எல் என்ற இன்னொரு விவரப் பகுதியின் குறிப்பில் தமிழை வைத்துக்கொள். ஆங்கில எழுத்தில் நாதஸ்வரம், நாகஸ்வரம் என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். தேடுகிறவர் எப்படித் தட்டினாலும் ஒலி தேடும் மென்பொருளான சவுண்ட்மைனர் எடுத்துக் கொடுக்கும்படி இரண்டையும் எழுது.

படப்பிடிப்பிலிருந்து வரும் வசனக் கோப்புகளில் இன்னும் கவனம் தேவை. அவற்றின் நேரக்குறி கடிகார நேரமாக எழுதப்படுவதில்லை. நள்ளிரவிலிருந்து எண்ணிய சாம்பிள்களாக, அதாவது ஒலியின் நுண்துண்டுகளின் எண்ணிக்கையாக, இருக்கிறது. நொடிக்கு 48,000 என்ற கணக்கில், காலை பத்தரை மணிக்குத் தொடங்கிய டேக்கில் 181 கோடியே 44 லட்சம் என்ற எண் இருக்கும். எடிட்டர் அனுப்பும் ஒற்றை ட்ராக்கிலிருந்து கதாநாயகியின் காலர் மைக் பதிவை ப்ரோ டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் தேடிப் பிடிப்பது இந்த எண்ணையும் சீன், டேக் விவரத்தையும் வைத்துத்தான். இடையில் யாராவது கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றியோ ரெண்டர் செய்தோ இந்த விவரத்தைத் தொலைத்தால், ஒலி நன்றாக இருந்தும் அதே டேக்கில் மற்ற மைக்குகள் பதிந்த ட்ராக்குகள் கிடைக்காது. மூலக் கோப்பின்மேல் எதையும் எழுதிவிடாதே. சேனல் பெயரில் ‘ட்ராக் 3’ என்று வந்தால், படப்பிடிப்பு ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டு அது யாருடைய மைக் என்று அன்றைக்கே கேட்டுவிடு. பத்து நாள் கழித்துக் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

என் பழைய டேப்புகளை வேவ் கோப்பாக மாற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர. மதிய நேரம், திண்ணையாக இருக்க வேண்டும். சீரான இடைவெளியில் சரக் சரக்கென்று ஒன்று வருகிறது. பெட்டியில் ரோல் எண் மட்டும்தான் இருக்கிறது. உன் அம்மா அதை முறத்தில் புடைக்கும் சத்தம் என்கிறாள். எனக்குப் பனையோலை விசிறி போலப் படுகிறது. இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. நீ ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு எழுது. அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா