பவுடர் எடைய மட்டும் பாத்தா குறி வந்துடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

டார்கெட் பிஸ்டலுக்கு தோட்டாவ தானே ரீலோட் பண்ணிக்கிறவங்கள பத்தி ஞாயிறு மலர்ல ஒரு கட்டுரை வந்துச்சு. ரீலோட்னா சுட்டு முடிச்ச பித்தளை கூட்டுல (அது தான் கேஸ்) புதுசா பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தர்ற சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போற குண்டு) வச்சு மறுபடி தோட்டாவாக்குறது. தமிழ் பேப்பர்ல இதெல்லாம் வர்றதே அபூர்வம், அதனால மொதல்ல ஒரு நன்றி. ஆனா கட்டுரை முழுக்க பவுடர் எடை, பவுடர் எடைன்னே போகுது, ஒரு கிரெயின்ல பத்துல ஒரு பங்கு கூடக்குறைய இருந்தாலே குறி தப்பிடும்ங்கிற மாதிரி எழுதியிருக்காங்க. ஒரு கிரெயின்ங்கிறதே 0.065 கிராம் தான், அதுல பத்துல ஒண்ணு! ரைபிள்ல ஆயிரம் கஜத்துக்கு சுடுறவங்க அதுக்கு கவலப்பட்டா நியாயம், ஆனா 25 கஜம், 50 கஜத்துல சுடுற செமி ஆட்டோமேடிக் (அடுத்த தோட்டாவ தானா ஏத்திக்கிற) பிஸ்டல்ல குறிய கெடுக்கிறது பெரும்பாலும் வேற எடத்துல இருக்கு, அத பத்தி ஒரு வரி கூட காணோம்.

.45 ஏசிபியவே எடுத்துக்குவோம், புல்ஸ்ஐ (வட்ட டார்கெட்ட குறி பாத்து சுடுற) போட்டிக்காரங்க ரொம்ப வருஷமா ரீலோட் பண்ற தோட்டா அது. அதுல செம்பு உறை போட்ட புல்லட்டோட விட்டம் 0.451 அங்குலம், வெறும் ஈய புல்லட் 0.452. இந்த ஒரு சின்ன வித்தியாசம் எதுக்குன்னா, ஈய புல்லட் பேரலோட (துப்பாக்கி குழலோட) உள் பள்ளங்கள நல்லா அடைச்சுக்கிட்டு போகணும், லூசா இருந்தா சைடுல சூடான வாயு புகுந்து ஈயத்த உருக்கி பேரலுக்குள்ள பூசி விட்டுடும், அப்புறம் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். சரி, 0.452 புல்லட் தான் வாங்கியிருக்கோம்னு நிம்மதியா இருக்கவும் முடியாது, ஏன்னா கிரிம்ப்ல, அதாவது கேஸ் வாய புல்லட் மேல இறுக்குறப்ப, அத நாமளே கெடுத்துடலாம். கேஸ் வாய இறுக்கினா குறி கூடும்னு நெனச்சு நெறைய பேர் போட்டு நசுக்குறாங்க. பித்தளைய அழுத்தி விட்டா கொஞ்சம் விரிஞ்சு திரும்பி வரும், ஈயம் அழுத்தின எடத்துலயே நின்னுடும், ஆக கடைசியில இறுக்கி இறுக்கி புல்லட்ட ஒல்லியாக்கி லூசாவும் ஆக்கி வச்சிருப்போம். புல்லட் உள்ள போறதுக்காக கேஸ் வாய கொஞ்சம் விரிச்சு விடுறோம் இல்லையா, அந்த விரிவ நேராக்குற அளவுக்கு ஒரு டேப்பர் கிரிம்ப் (லேசா சரிவா இறுக்குறது), அவ்ளோ தான் வேணும். வெர்னியர் (நுணுக்கமா அளக்குற கருவி) வச்சு பாத்தா கேஸ் வாய் 0.470 அங்குலத்துக்கு பக்கத்துல நிக்கணும். ரிவால்வர்ல பண்ற மாதிரி ரோல் கிரிம்ப் போட்டு வாய உள்ள மடிச்சுடக்கூடாது, இந்த வகை தோட்டா சேம்பர்ல (பேரல்ல தோட்டா உக்கார்ற பின்பகுதி) தன்னோட வாய் விளிம்புல தான் போய் நிக்குது, அது மடிஞ்சா எங்க போய் நிக்கும்?

இன்னொன்னு புல்லட்ட எவ்ளோ ஆழமா உக்கார வைக்கிறோம்ங்கிறது. ஆழம் கூடுனா உள்ள எடம் கொறஞ்சு பிரஷர் ஏறும், 9 எம்எம் மாதிரி சின்ன கேஸ்ல இது இன்னும் மோசம். பேரல கழட்டி கையில வச்சுக்கிட்டு தோட்டாவ உள்ள போட்டா தானா டக்குனு இறங்கணும், கவுத்தா தானா விழணும். இதுக்கு காசு செலவே கெடையாது. முடிச்ச தோட்டாவ மேசை மேல வச்சு கட்டைவிரலால அழுத்தியும் பாக்கணும், புல்லட் உள்ள நகந்துச்சுன்னா பிஸ்டல் அத மேகசின்ல (தோட்டாவ அடுக்கி வைக்கிற பெட்டி) இருந்து தள்ளுற வேகத்துல இன்னும் உள்ள போய்டும்.

அப்புறம் ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்னாடி போய் திரும்புற பிஸ்டலோட மேல் பாகம். டார்கெட்டுக்குன்னு லோட (தோட்டாவுக்குள்ள வைக்கிற பவுடர், புல்லட் சேர்க்கைய) மெதுவாக்கிட்டே போனா ஒரு கட்டத்துல ஸ்லைடு முழுசா பின்னாடி வராது, காலி கேஸ் வெளிய வராம மாட்டிக்கும், ரேபிட் ஃபயர் (வேகமா தொடர்ந்து சுடுற) நேரத்துல இது வந்தா அந்த சீரிஸே போச்சு. இதுக்கு தான் ஸ்லைட திரும்ப முன்னாடி தள்ளுற ரீகாயில் ஸ்பிரிங்க கொஞ்சம் லேசானதா போட்டுக்குறாங்க. 1911ங்கிற மாடல் மாதிரி பிஸ்டல்ல ஒவ்வொரு ஷாட்டுக்கும் பேரல் கீழ இறங்கி மறுபடி மேல வந்து பூட்டிக்குது, அது அதே எடத்துல வந்து பூட்டலன்னா எவ்ளோ நல்ல தோட்டா போட்டாலும் வீண் தான்.

சோதன பண்ற விஷயத்துல கட்டுரையாளரோட எனக்கு சண்டையே இருக்கு. மூணு ஷாட் ஒட்டிக்கிட்டு விழுந்தா அந்த லோட முடிவு பண்ணிக்கலாமாம். மூணு ஷாட் அதிர்ஷ்டத்துல கூட ஒட்டும் சார், பத்து ஷாட் போட்டா தான் உண்மையான அகலம் தெரியும், அதுவும் கையில பிடிச்சு சுட்டா நம்ம கை நடுக்கத்த தான் அளப்போம், ரெஸ்ட்ல (துப்பாக்கிய அசையாம தாங்குற ஸ்டாண்டு) வச்சு சுடணும். அமெரிக்க 50 கஜ டார்கெட்ல பத்து மார்க் வட்டம் 3.36 அங்குலம், ரெஸ்ட்ல பத்து ஷாட்டும் அதுக்குள்ள விழுந்தா மிச்ச குறை எல்லாம் சுடுறவரோடது.

ஒலிம்பிக்ல சுடுறவங்களும் இப்படி தோட்டாவ ரீலோட் பண்ணுவாங்கன்னு கட்டுரையில எழுதினது தப்பு. அங்க 25 மீட்டர் பிஸ்டலுக்கு .22 ரிம்ஃபயர், அதுல பிரைமர் மருந்து விளிம்புக்குள்ளயே இருக்கறதால ரீலோட் பண்ற பேச்சே கெடையாது. அவங்க ஃபேக்டரி தோட்டாவ லாட் லாட்டா (ஒரே தடவையில தயாரான தொகுதி தொகுதியா) சோதிச்சு தன் துப்பாக்கிக்கு ஒத்து வர்ற லாட்ட வாங்கி வச்சுக்குவாங்க.

பாதுகாப்புக்கு கடைசியில ரெண்டே வரி ஒதுக்கியிருக்கீங்க, அது போதாது. பிஸ்டல் பவுடர் வேகமா எரியுறது, கேஸ்ல கொஞ்சூண்டு தான் நெரம்பும், அதனால ரெண்டு தடவ ஊத்தினாலும் வெளிய தெரியாம உள்ள அடங்கிடும், சுட்டா துப்பாக்கியே வெடிக்கலாம். புல்லட் வைக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் டார்ச் அடிச்சு பாக்கணும். பவுடரே விழாம போனா அது வேற ஆபத்து, பிரைமர் மட்டும் வெடிச்சு புல்லட்ட பேரல் நடுவுல தள்ளி விட்டுடும், அடுத்த ஷாட் அது மேல போய் மோதும். சத்தம் கம்மியா கேட்டா உடனே நிறுத்தி, தோட்டாவ எடுத்துட்டு பேரல பாக்கணும். எவ்ளோ பவுடருங்கிறத பவுடர் கம்பெனி போடுற கையேட்ட பாத்து கீழ் அளவுல இருந்து தான் ஆரம்பிக்கணும், நண்பர் சொன்னார்னு எல்லாம் கூடாது. நெறைய நாட்டுல இதுக்கு லைசென்ஸும் வேணும், அதையும் எழுதியிருக்கலாம்.

கட்டுரையோட வந்த படத்தயும் ஒரு தடவ பாருங்க. மேசையில ரெண்டு பவுடர் டப்பா பக்கத்துல பக்கத்துல திறந்து கெடக்கு, ஆளு கண்ணாடியும் போடல. ஒரு நேரத்துல ஒரு டப்பா தான் மேசையில இருக்கணும், ரெண்டு பவுடர் மாறிப்போச்சுன்னா கண்ணால பாத்து பிரிக்கவே முடியாது. இதப் பாத்து கத்துக்கிறவங்களும் இருப்பாங்க, ஒரு திருத்தம் போட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் பேப்பர் வாசகர் ஒருத்தர்